கட்டாமல் விட்ட கடனால் கிரிப்பில் (கடன் தகவல் பணியகத்தில்) பெயர் கெட்டதா? மட்டக்களப்பு, அம்பாறையில் இருந்துகொண்டே சீராக்கும் முழு வழி

லோன் படிவம் எல்லாம் நிரப்பி, சம்பளச் சீட்டும் பிணையாளிகளின் கையொப்பமும் கொடுத்து, ஒரு கிழமை காத்திருந்த பிறகு "உங்கட கிரிப்பில ஒரு பிரச்சினை இருக்கு" என்ற ஒரே வரியோடு திரும்பி வருபவர்கள் நம்ம பக்கத்தில் நிறைய. என்ன பிரச்சினை, எந்தக் கடனால், எவ்வளவு காசு என்று அவர்களில் பலருக்குத் தெரியாது. வங்கியில் விளக்கமாகச் சொல்லமாட்டார்கள், கேட்கவும் வெட்கம். வீட்டுக்கு வந்து "என்னைக் கறுப்புப் பட்டியல்ல போட்டுட்டாங்க" என்று சொல்லிவிட்டு அப்படியே விட்டுவிடுகிறார்கள். அப்புறம் பிள்ளையின் படிப்புக்கோ ஓட்டோ எடுக்கவோ காசு தேவைப்படும்போது மீட்டர் வட்டிக்காரரிடம் போய் நிற்கிறார்கள். இது நடக்கத் தேவையில்லை. பழைய நிலுவை ஒன்றைச் சீராக்குவதற்கு ஒரு ஒழுங்கு இருக்கிறது. அதில் பெரும்பகுதி உங்கள் ஊர்க் கிளையிலேயே நடக்கும்.

முதலில் கிரிப் என்றால் என்ன என்று ஒருமுறை தெளிவாகிவிடுவோம். இலங்கை கொடுகடன் தகவல் பணியகம் என்பதுதான் அதன் பெயர், ஆங்கிலச் சுருக்கம் CRIB. 1990ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தால் உருவானது. மத்திய வங்கியும் கடன் கொடுக்கும் நிறுவனங்களும்தான் அதன் பங்காளிகள். வங்கிகள், நிதிக் கம்பனிகள், லீசிங் கம்பனிகள் எல்லாம் தங்களிடம் கடன் எடுத்தவர்களின் கணக்கை அங்கே அனுப்புகின்றன. நன்றாகக் கட்டியவர் கணக்கும் போகிறது, கட்டாதவர் கணக்கும் போகிறது. யாருக்கு லோன் கொடுக்கலாம், யாருக்குக் கூடாது என்று கிரிப் தீர்மானிப்பதில்லை, அங்கே கறுப்புப் பட்டியல் என்று ஒன்றும் கிடையாது. உங்கள் அறிக்கையைப் பார்த்து முடிவெடுப்பது நீங்கள் போய் நிற்கிற வங்கி. அதனால்தான் ஒரே அறிக்கையோடு ஓரிடத்தில் மறுத்ததை இன்னோரிடத்தில் கொடுப்பதும் உண்டு.

இதிலிருந்து ஒரு முக்கியமான விஷயம் வருகிறது, இந்த வழிகாட்டி முழுவதும் அதன்மேல்தான் நிற்கிறது. உங்கள் பெயருக்கு எதிரே இருக்கிற பதிவை எழுதியது உங்களுக்குக் கடன் தந்த நிறுவனம். அதைத் திருத்தி எழுதவும் அந்த நிறுவனத்தால்தான் முடியும். கொழும்பில் யாரையாவது பிடித்தால் பெயரை அழித்துவிடலாம் என்ற எண்ணத்தை இந்த இடத்திலேயே விட்டுவிடுங்கள்.

அறிக்கையைக் கையில் எடுங்கள்

ஊகத்தில் எதையும் தொடங்க வேண்டாம். தன்னுடைய அறிக்கையைத் தானே பெறும் உரிமை ஒவ்வொருவருக்கும் இருக்கிறது. சிறிய கட்டணம் ஒன்று வரும். கிரிப்பின் இணையத்தளத்தில் பதிவு செய்து, அடையாளத்தை உறுதிப்படுத்தி எடுக்கலாம். வங்கிக் கிளை ஊடாகவும் விண்ணப்பிக்கலாம், அதனால் உங்களுக்குக் கணக்கு இருக்கிற கிளையில் முதலில் கேட்டுப் பாருங்கள். "சேர், எனக்கு என்ட சொந்தக் கிரிப் றிப்போட் எடுக்க வேணும், இஞ்ச விண்ணப்பிக்கலாமா?" என்று கேட்டால் போதும். அதிகாரி ஒருவர் லோன் விஷயமாகத் தன் கணினியில் திறந்து பார்த்த அறிக்கையைப் படம் பிடித்துத் தரச் சொல்லாதீர்கள், அது அவருக்கும் சிக்கல். உங்கள் பெயரில் நீங்கள் எடுத்த அறிக்கைதான் பிறகு பிழை திருத்தவும் பயன்படும்.

விண்ணப்பத்தில் அடையாள அட்டை இலக்கத்தைக் கவனமாக எழுதுங்கள். பழைய அட்டையில் 9 இலக்கமும் ஓர் எழுத்தும், புதிய அட்டையில் 12 இலக்கம். பழைய இலக்கத்தின் முன்னால் 19 சேர்ந்து, நடுவில் ஒரு 0 நுழைந்து, கடைசி எழுத்து போய்விட்டால் அதுதான் புதிய இலக்கம். பழைய இலக்கத்தில் ஒரு லீசிங்கும் புதிய இலக்கத்தில் ஒரு கிரெடிட் கார்டும் எடுத்தவர்கள் இரண்டையும் குறிப்பிட்டுக் கேட்பது நல்லது. நம்ம பெயர்களை ஆங்கிலத்தில் எழுதும்போது ஆளுக்கொரு எழுத்துக்கூட்டு. தகப்பன் பெயர் ஓரிடத்தில் முதலெழுத்தாகவும் இன்னோரிடத்தில் முழுதாகவும் நிற்கும். முகமது, முஹம்மத் என்று ஒரே ஆளுக்கு மூன்று விதமாகப் பதிவு இருக்கும். அறிக்கை வந்ததும் பெயர், விலாசம், இலக்கம் மூன்றையும்தான் முதலில் பாருங்கள்.

வாசிக்கும் விதம்

ஒரு பேனையும் கொப்பியும் எடுத்துக்கொண்டு உட்காருங்கள். ஒவ்வொரு கடனுக்கும் எந்த நிறுவனம், என்ன வகை, எப்போது எடுத்தது, இப்போது எவ்வளவு மீதி, அதில் எவ்வளவு நிலுவை, எத்தனை நாள் பிந்தியிருக்கிறது என்று தனித்தனியாக எழுதுங்கள். நாள் கணக்கு முக்கியம். தவணை 90 நாளைத் தாண்டினால் வங்கிகள் அந்தக் கடனைச் செயற்படாக் கடன் என்ற வகைக்குள் தள்ளும், அதற்குப் பிறகு புதுக் கடன் கேட்பவரைப் பார்க்கும் பார்வையே மாறிவிடும். பத்து நாள் பிந்திக் கட்டியது ஒரு விஷயம், மூன்று மாதம் ஓடியது வேறு விஷயம்.

உங்கள் பெயரில் எடுத்த கடன்களோடு நீங்கள் பிணை நின்ற கடன்களும் அறிக்கையில் வரும். காசில்லாமல் திரும்பிய காசோலைகள், உங்கள் அறிக்கையை எந்தெந்த நிறுவனம் எப்போது பார்த்தது என்ற விபரம் எல்லாம் இருக்கும். அடைத்து முடித்த கடன்களும் சில காலம் தெரியும். அது நல்லதுதான், ஒழுங்காகக் கட்டி முடித்த கடன் உங்களுக்காகப் பேசும்.

நம்ம பக்கத்து அறிக்கைகளில் அடிக்கடி கண்ணில் படுகிறவை சில. ஒன்று, பாவிக்காத கிரெடிட் கார்ட். சம்பளக் கணக்கோடு சேர்த்துக் கொடுத்த கார்ட், உறையைக்கூடப் பிரிக்கவில்லை என்பார்கள், ஆனால் வருடக் கட்டணம் ஏறியிருக்கும். ஒரு உதாரணத்துக்கு வருடக் கட்டணம் 3,000 ரூபா, பிந்தியதற்கு மாதம் 1,500 ரூபா என்று வைத்தால், வட்டியைச் சேர்க்காமலே ஒரு வருடத்தில் 21,000 ரூபா. 2022இல் கார்ட் வட்டிக்கான உச்சவரம்பை மத்திய வங்கி எடுத்த பிறகு அந்த வட்டி வருடத்துக்கு 30 சதவீதத்தைத் தாண்டிய காலமும் இருந்தது, அந்த நேரத்தில் விட்ட சின்ன நிலுவைகூடப் பெரிதாகத்தான் நிற்கும். இன்னொன்று, லீசிங்கில் எடுத்த ஓட்டோ அல்லது மோட்டார் சைக்கிள். கட்ட முடியாமல் கம்பனி வாகனத்தைத் தூக்கிக்கொண்டு போனதும் "சரி, அதோட கணக்கு முடிஞ்சுது" என்று நினைத்துவிடுகிறார்கள். முடியவில்லை. வாகனத்தை விற்ற காசு கடனுக்குக் காணாவிட்டால் மீதி உங்கள் பெயரில்தான் இருக்கும். நிதிக் கம்பனி ஊடாகத் தவணைக்கு எடுத்த பிரிட்ஜ், டீவியும் இப்படித்தான்.

வட்டி இல்லாத இஸ்லாமிய வங்கி முறையில் எடுத்த நிதியுதவிக்கும் இதே கதைதான். காத்தான்குடியிலும் சாய்ந்தமருதிலும் சிலர் அதற்குக் கிரிப் கிடையாது என்று நம்புகிறார்கள். கொடுக்கும் நிறுவனம் வங்கியாகவோ நிதிக் கம்பனியாகவோ இருந்தால் அந்தக் கணக்கும் போகும்.

கடன் தந்தவரிடம் போவது

இதுதான் கடினமான படி. போன் நம்பரை மாற்றுவது, வந்த கடிதத்தைப் பிரிக்காமல் அலுமாரிக்குள் வைப்பது, கம்பனிக்காரர் வந்தால் வீட்டில் ஆளில்லை என்று பிள்ளையை விட்டுச் சொல்ல வைப்பது எல்லாம் நிலுவையைப் பெருக்கத்தான் உதவும். நீங்களாகப் போய் நின்றால் பேச இடம் இருக்கும். கடன் கொடுத்தவருக்கும் வழக்குப் போட்டு வருடக்கணக்காக இழுப்பதைவிடக் காசு வருவதுதான் விருப்பம்.

கிளைக்குப் போகும்போது காசு கட்டப் போகாதீர்கள், கணக்குக் கேட்கப் போங்கள். "மிஸ், இந்தக் கணக்கை முழுசா முடிக்கிறதெண்டா இண்டைக்கு எவ்வளவு வரும்? முதல் எவ்வளவு, வட்டி எவ்வளவு, தண்டப்பணம் எவ்வளவு எண்டு பிரிச்சு எழுத்தில தாங்க" என்று கேளுங்கள். இந்தப் பிரிப்பு இல்லாமல் எந்தப் பேச்சும் பேச வேண்டாம். மொத்தம் 180,000 ரூபா என்று சொல்வார்கள், பிரித்துப் பார்த்தால் முதல் 96,000, மிச்சம் 84,000 வட்டியும் தண்டமும் என்று இருக்கலாம். கடனாக எடுத்த முதல் தொகையை மாற்ற முடியாது. பேச இடமிருப்பது அந்த 84,000இல்தான், அதிலும் தண்டப்பணத்தில் அதிகம்.

அப்புறம் உங்கள் கையில் இருப்பதைப் பார்த்து ஒரு வழியைத் தெரிவு செய்யுங்கள். மொத்தமாக ஒரு தொகை கட்ட முடியுமென்றால் தண்டத்தையும் வட்டியில் ஒரு பகுதியையும் குறைக்கக் கேட்கலாம். நகை விற்ற காசு, சீட்டுக் காசு, வெளிநாட்டில் இருந்து அண்ணன் அனுப்பிய காசு இருக்கிறவர்களுக்கு இதுதான் நல்லது. அப்படிக் குறைத்து முடிக்கும்போது ஒரு கேள்வியை மறக்காதீர்கள்: இதைக் கிரிப்புக்கு எப்படி அறிவிப்பீர்கள்? முழுதாகத் தீர்ந்தது என்றா, ஒரு பகுதியைத் தள்ளுபடி செய்து முடித்தது என்றா? இரண்டையும் பார்க்கிற கண் வேறு. வித்தியாசம் சின்னத் தொகையென்றால் நான் முழுதாகக் கட்டி முடிக்கத்தான் சொல்வேன். பெரிய தொகையென்றால் தள்ளுபடியை எடுத்துக்கொண்டு முடியுங்கள், திறந்து கிடக்கிற நிலுவையைவிட அது எவ்வளவோ மேல்.

மொத்தமாக முடியாதென்றால் மீள்தவணை கேளுங்கள், அதாவது நிலுவையைப் புதுத் தவணைகளாகப் பிரித்துக் கட்டும் ஏற்பாடு. இந்த இடத்தில் நம்ம மாவட்டங்களின் வருமானம் வருகிற விதத்தை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். வெள்ளாமைக்காரருக்கு மாதாமாதம் சம்பளமில்லை. பெரும்போக அறுவடை முடிந்து ஒரு முறை, சிறுபோகம் முடிந்து ஒரு முறை, அவ்வளவுதான் கையில் காசு. கடற்றொழில்காரருக்கு மாரியில் கடல் கொந்தளிக்கிற மாதங்களில் வருமானம் விழுந்துவிடும். பாசிக்குடா, அறுகம்பை பக்கத்தில் அறை வாடகைக்கு விடுபவர்களுக்கு அவரவர் சீசன். மாதம் 8,000 என்று ஒப்புக்கொண்டு மூன்றாம் மாதமே தவறுவதைவிட, மாதம் 3,000 வீதமும் அறுவடைக்குப் பிறகு 40,000மும் என்று கேட்டு அதைத் தவறாமல் கட்டுவது நூறு மடங்கு நல்லது. ஏனென்றால் மீள்தவணையும் பதிவாகும், அதையும் உடைத்தால் இரண்டாவது தடவை உங்கள் வார்த்தைக்கு அந்தக் கிளையில் மதிப்பிருக்காது.

எழுத்தில் கொடுங்கள். தமிழிலேயே எழுதலாம். இப்படி:

"கனம் முகாமையாளர் அவர்களுக்கு, மேற்குறித்த இலக்கக் கணக்கில் எனக்கு நிலுவை இருப்பதை அறிவேன். வேலை இழந்ததால் தவணைகளைக் கட்ட முடியாமல் போனது. இப்போது மாதம் 3,000 ரூபா வீதமும், பங்குனி மாத இறுதியில் அறுவடைப் பணத்திலிருந்து 40,000 ரூபாவும் கட்ட என்னால் முடியும். தண்டப்பணத்தை நீக்கி மீள்தவணை அட்டவணை ஒன்றை எழுத்தில் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். வருமானத்துக்கான ஆதாரங்களை இணைத்துள்ளேன்."

இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் திகதி முத்திரையும் கையொப்பமும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கிளையில் வாங்க மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். காரணம் நோயென்றால் வைத்தியசாலைத் துண்டு, வெள்ளமென்றால் கிராம சேவகர் கடிதம், வேலை போனதென்றால் அதற்கான கடிதம், கையில் இருப்பதை இணையுங்கள்.

சலுகைக்காலம் பற்றி ஒரு சொல். 2019 ஈஸ்டர் தாக்குதலுக்குப் பிறகு சுற்றுலாத் தொழிலுக்கும், 2020 கொரோனாக் காலத்தில் இன்னும் பரவலாகவும் தவணையைப் பிற்போடச் சலுகை கொடுத்தார்கள். பலர் அதைத் தள்ளுபடி என்று விளங்கிக்கொண்டார்கள். தவணைதான் பிற்போனது, வட்டி கணக்கில் ஏறிக்கொண்டே இருந்தது. விண்ணப்பிக்க வேண்டியவர்கள் விண்ணப்பிக்காமல் கட்டாமல் விட்டதால் அது சாதாரண நிலுவையாகவே பதிந்த கதையும் உண்டு. உங்கள் பழைய நிலுவை அந்தக் காலத்தியது என்றால், சலுகை உங்கள் கணக்குக்குக் கிடைத்ததா என்று கட்டாயம் கேளுங்கள். இனி வரும் வெள்ளங்களுக்கும் இதுதான்: அறிவிப்பு வந்ததும் எழுத்தில் விண்ணப்பியுங்கள், செய்தியில் கேட்டதை நம்பி நிற்க வேண்டாம்.

காசு கட்டும்போது

ஒப்பந்தம் எழுத்தில் வரும்வரை பெரிய தொகையைக் கட்டாதீர்கள். வாயால் சொன்ன தள்ளுபடி, அந்த அதிகாரி இடமாற்றம் போனதும் காற்றோடு போய்விடும். வீட்டுக்கு வருகிற வசூல்காரரின் கையில் காசு கொடுக்காதீர்கள், அவர் எவ்வளவு நல்ல மனிதராக இருந்தாலும். கவுண்டரில் கட்டுங்கள் அல்லது கணக்குக்கு மாற்றுங்கள், கணக்கு இலக்கத்தைச் சரிபாருங்கள், பற்றுச்சீட்டை வைத்துக்கொள்ளுங்கள். சூட்டுத்தாளில் அச்சடித்த சிட்டை ஒரு வருடத்தில் வெள்ளையாகிவிடும், அதனால் அன்றே போட்டோ எடுங்கள். பகுதியாகக் கட்டும் காசு பெரும்பாலும் தண்டத்துக்கும் வட்டிக்கும் போன பிறகுதான் முதலுக்கு வரும், உங்கள் கணக்கில் எப்படி என்று கேட்டு வையுங்கள்.

கடைசிக் காசைக் கட்டிய அன்றே வேலை முடிந்தது என்று நினைப்பதுதான் நான் பார்த்ததில் பெரிய வேதனை. சில ரூபாய்கள் வட்டியாக மிஞ்சி, கணக்கு மூடப்படாமல், அது திரும்பவும் வளரத் தொடங்கும். ஆகவே மூன்று விஷயம். மீதி பூச்சியம் என்று உறுதிப்படுத்துங்கள். கணக்கை அல்லது கார்டை மூடும்படி எழுத்தில் கேளுங்கள். கடன் தீர்ந்தது என்ற கடிதத்தை நிறுவனத்தின் தலைப்புத் தாளில், கணக்கு இலக்கமும் திகதியும் போட்டு வாங்குங்கள். லீசிங் என்றால் வாகனப் புத்தகத்தில் கம்பனியின் பெயரை நீக்கும் பத்திரங்களையும் சேர்த்து வாங்குங்கள். அந்தக் கடிதம் காணி உறுதியோடு சேர்த்து வைக்க வேண்டிய ஒன்று.

நிறுவனங்கள் கணக்கை மாதாந்தம்தான் அனுப்புவதால் உடனே மாற்றம் தெரியாது. இரண்டு மாதம் விட்டு அறிக்கையைத் திரும்ப எடுத்துப் பாருங்கள். மாறியிருக்காவிட்டால் கடிதத்தோடு கிளைக்குப் போங்கள்.

பதிவே பிழையென்றால்

நீங்கள் எடுக்காத கடன், அடைத்த பிறகும் திறந்து நிற்கும் கணக்கு, ஒரே கடன் இரண்டு தடவை, வேறொருவரின் கடன் உங்கள் இலக்கத்தில் என்று எதுவும் இருக்கலாம். இதற்குக் கிரிப்பிடம் முறையீடு செய்யலாம், அவர்கள் அதைக் கடன் கொடுத்த நிறுவனத்துக்கு அனுப்பிப் பதில் கேட்பார்கள். நிறுவனத்திடம் நேராகவும் எழுதலாம். நான் சொல்வது இரண்டையும் ஒன்றாகச் செய்யுங்கள் என்பதுதான். அறிக்கையில் அந்த வரியைக் கோடிட்டு, ஆதாரத்தின் பிரதியை இணைத்து, ஒரு கடிதத்தில் ஒரு பிழையை மட்டும் எழுதுங்கள். மூலப் பிரதியைக் கொடுக்க வேண்டாம். எடுக்காத கடன் உங்கள் பெயரில் இருந்தால் பொலிஸில் முறைப்பாடும் போட வேண்டும், அடையாள அட்டைப் பிரதியை யாரிடமாவது கொடுத்த ஞாபகம் இருந்தால் அதையும் சொல்லுங்கள்.

பிணை நின்றவர்களுக்கு

மச்சானுக்கு, கூடப் படிப்பிக்கிற ஆசிரியருக்கு, பக்கத்து வீட்டுக்காரருக்கு என்று முகத்துக்காகக் கையொப்பம் வைத்தவர்கள்தான் இதில் அதிகம் நொந்துபோகிறவர்கள். கடனாளியைத் துரத்தி முடித்த பிறகுதான் பிணையாளியிடம் வருவார்கள் என்று இல்லை, பெரும்பாலான பிணைப் பத்திரங்கள் வங்கி நேராக உங்களிடம் வரலாம் என்றே எழுதப்பட்டிருக்கும். பிணை நின்றவர் என்ற முறையில் அந்தக் கடனின் நிலை என்ன என்று கேளுங்கள். கடனாளியையும் கூட்டிக்கொண்டு கிளைக்குப் போங்கள். அவர் வராவிட்டால், நீங்கள் கட்டும் ஒவ்வொரு ரூபாவுக்கும் உங்கள் பெயரில் பற்றுச்சீட்டு வாங்குங்கள், பிறகு அவரிடமிருந்து சட்டப்படி திருப்பிக் கேட்க அது வேண்டும். குடும்பத்துக்குள் இது சண்டையாகும் என்று தெரியும். பேசாமல் இருந்தாலும் சண்டை வரும், அப்போது கடனும் கூடியிருக்கும்.

வெளிநாட்டில் இருப்பவர்கள்

கட்டாருக்கோ சவூதிக்கோ போகும் அவசரத்தில் கார்டையும் லீசிங்கையும் அப்படியே விட்டுப் போனவர்கள், திரும்பி வந்து வீடு கட்ட லோன் கேட்கும்போதுதான் விஷயத்தை அறிகிறார்கள். அங்கிருந்தே மின்னஞ்சலில் கணக்கு விபரம் கேட்கலாம், இணையத்தில் அறிக்கை எடுக்கலாம். நேரில் கையொப்பம் வைக்க வேண்டிய வேலைக்கு மனைவிக்கோ தம்பிக்கோ அற்றோணித் தத்துவம் (உங்களுக்காகக் கையொப்பம் வைக்கும் அதிகாரப் பத்திரம்) எழுதிக் கொடுக்க வேண்டி வரும். அதில் இந்தக் கடன் விஷயத்துக்கு மட்டும் என்று எழுதுவது நல்லது. காணி விற்கும் அதிகாரம்வரை எழுதிக் கொடுத்துவிட்டுப் பிறகு தவிக்க வேண்டாம்.

நீதிமன்றக் கடிதம் வந்திருந்தால்

அதை ஒருநாளும் ஒதுக்கி வைக்காதீர்கள். போகாவிட்டால் ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பு வரும், அதன்பிறகு பேச இடம் குறையும். சட்டத்தரணியைப் பாருங்கள், வசதியில்லாவிட்டால் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடுங்கள். "ஆறு வருஷம் போனா கடன் செத்துப் போயிரும்" என்று சந்தியில் சொல்வதை நம்பி இருக்க வேண்டாம். எழுத்து ஒப்பந்தத்துக்கு 6 வருடம் என்ற காலவரையறை வழக்குப் போடும் உரிமையைப் பற்றியது. நடுவில் கொஞ்சக் காசு கட்டினாலோ கடனை எழுத்தில் ஒப்புக்கொண்டாலோ அந்தக் காலம் புதிதாக எண்ணப்படலாம். கடன் அத்தனை பழையதென்றால் கடிதம் எழுதும் முன்பே சட்டத்தரணியிடம் காட்டுங்கள்.

பெயரைத் திரும்பக் கட்டுவது

நிலுவை தீர்ந்ததும் பெயர் வெளுத்துவிடாது. பழைய மாதங்களின் பதிவு கொஞ்சக் காலம் நிற்கும். அதன்மேல் நல்ல மாதங்கள் ஒவ்வொன்றாக ஏற வேண்டும். வரம்பு உடைந்த வயலில் மண்ணைப் போட்டு அடுத்த நாளே தண்ணீர் கட்ட முடியாது, மண் இறுக நேரம் வேண்டும். ஒன்று, இரண்டு வருடம் என்று மனதில் வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்குங்கள்.

கடனே எடுக்காமல் இருந்தால் பெயர் நல்லதாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். புதுப் பதிவு எதுவும் வராவிட்டால் வங்கி பார்ப்பதற்கு அந்தப் பழைய பதிவு மட்டும்தான் இருக்கும். எனவே சின்னதாக, உத்தரவாதத்தோடு ஒன்று தொடங்குங்கள். எனக்குப் பிடித்தது நிலையான வைப்பு ஒன்றைப் போட்டு, அதன்மேல் சின்னக் கடனோ குறைந்த எல்லையுள்ள கிரெடிட் கார்டோ எடுப்பது. வங்கிக்குப் பயமில்லை என்பதால் பழைய பதிவு இருந்தாலும் கொடுக்கச் சம்மதிக்க இடமுண்டு. கார்ட் எல்லை 50,000 என்றால் மாதம் ஐந்தாயிரம், பத்தாயிரத்துக்குள் பாவியுங்கள், போன் பில்லும் கடைச் சாமானும் போதும். குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டாமல் முழுத் தொகையையும் கட்டுங்கள். சம்பளக் கணக்கிலிருந்து தன்பாட்டில் போகும்படி நிலையான கட்டளை போட்டுவிட்டு, திகதிக்கு முதல் நாள் கணக்கில் காசிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

வைப்புப் போடக் காசில்லாதவர்கள் முதலில் சேமிப்பிலிருந்து தொடங்குங்கள். ஒரே வங்கியில், ஒரே கணக்கில், மாதாமாதம் காசு போய் விழ வேண்டும். கடைக்காரர், ஓட்டோ ஓடுபவர், தையல் செய்பவர் எல்லாரும் வருமானத்தைக் கையிலேயே வைத்துச் செலவழிப்பதால் வங்கியின் கண்ணில் வருமானமே இல்லாதவர்களாகிவிடுகிறார்கள். ஒரு வருடம் கணக்கில் ஓடிய காசுதான் உங்களுக்காகப் பேசும் முதல் சாட்சி. ஊர்ச் சீட்டு ஒழுங்காகக் கட்டுவது நல்ல பழக்கம், ஆனால் அது கிரிப்பில் வராது.

இந்தக் காலத்தில் கண்ட இடமெல்லாம் லோனுக்கு விண்ணப்பிக்காதீர்கள். ஒவ்வொரு நிறுவனமும் பார்த்தது பதிவாகும். கல்முனை மெயின் வீதியில் ஒரே கிழமையில் ஐந்து இடத்தில் கேட்டிருந்தால், ஆறாவது இடத்தில் உங்களை அவசரத்தில் ஓடுகிறவர் என்றுதான் பார்ப்பார்கள். காசோலை எழுதுபவர்கள் கணக்கில் காசில்லாமல் எழுதவே கூடாது.

யாரிடம் போகக் கூடாது

"கிரிப் கிளியர் பண்ணித் தருகிறோம்" என்று பேஸ்புக்கிலும் வட்ஸ்அப்பிலும் வருகிறவர்களுக்கு ஒரு சதமும் கொடுக்காதீர்கள். பதிவை மாற்றக்கூடியது கடன் தந்த நிறுவனம் மட்டும் என்று மேலே சொன்னேன், ஆகவே இவர்கள் விற்பதற்கு எதுவுமில்லை. அடையாள அட்டைப் படத்தையும் போனுக்கு வரும் இரகசிய இலக்கத்தையும் கொடுத்தால் அந்தப் பெயரிலேயே புதுக் கடன் எழலாம். ஐந்து நிமிடத்தில் காசு என்று சொல்லும் போன் செயலிகளும் அதே வகை. வங்கி நிலுவையை அடைக்க நுண்கடன் எடுப்பதும் வேண்டாம். கிழமைக்குக் கிழமை வாசலில் வந்து நிற்கும் அந்தக் கடனால் இந்த மாவட்டங்களில் எத்தனை பெண்கள் பட்ட பாடு! 2018இல் வறட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பெண்கள் எடுத்த 100,000 ரூபாவுக்குட்பட்ட நுண்கடன்களுக்கு அரசாங்கமே நிவாரணம் அறிவிக்க வேண்டி வந்தது. அந்தக் கிணற்றுக்குள் தெரிந்தே இறங்காதீர்கள்.

நிறுவனம் பதில் தராவிட்டால்

முதலில் கிளை, பிறகு அந்த நிறுவனத்தின் தலைமையகத்தில் முறைப்பாடு கேட்கும் பிரிவு. கடிதத்தின் பிரதியும் திகதியும் இங்கேதான் உதவும். அதிலும் சரிவராவிட்டால், வாடிக்கையாளருக்கும் நிதி நிறுவனத்துக்கும் இடையிலான பிணக்கை விசாரிக்கும் நிதி ஒம்புட்ஸ்மனிடம் எழுதலாம், கட்டணம் இல்லை. மத்திய வங்கியின் நிதியியல் நுகர்வோர் தொடர்புகள் திணைக்களத்துக்கு 1935 என்ற இலக்கத்தில் அழைக்கலாம். மத்திய வங்கிக்குத் திருகோணமலையிலும் பிரதேச அலுவலகம் இருக்கிறது. கடனாளியை மிரட்டுவது, அயலவர் முன்னால் அவமானப்படுத்துவது போன்றவற்றையும் முறைப்பாட்டில் எழுதுங்கள். நிதி நுகர்வோரைப் பாதுகாக்க 2023இல் வந்த ஒழுங்குவிதிகள் இருக்கின்றன. கடன் வாங்கியதால் மரியாதையை அடகு வைத்ததாக யாரும் நினைக்க வேண்டாம்.

திரும்ப விண்ணப்பிக்கும்போது

சேமிப்புக் கணக்கு ஓடுகிற அதே கிளைக்குப் போங்கள். அறிக்கையை நீங்களே முதலில் எடுத்துப் பார்த்துவிட்டுப் போங்கள், கடன் தீர்த்த கடிதத்தின் பிரதியைக் கோப்பில் வையுங்கள். அவர்கள் கண்டுபிடிக்கும்வரை காத்திருக்காமல், "சேர், 2022ல எனக்கு ஒரு காட் நிலுவை இருந்தது, வேலை போன நேரம். முழுக்கக் கட்டி முடிச்சாச்சு, கடிதம் இருக்கு, அதுக்குப் பிறகு ஒரு தவணையும் பிந்தேல்ல" என்று நீங்களே தொடங்குங்கள். தேவைக்குக் குறைவான தொகையைக் கேளுங்கள். மறுத்தால் எந்தப் பதிவால் மறுத்தீர்கள் என்று கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள், அடுத்த ஆறு மாதத்தில் செய்ய வேண்டிய வேலை அந்தப் பதிலில் இருக்கும்.